கண்ணெதிரே மீன், சட்டியில் கருவாடு

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதையில் ஒரு பெரும் நீர்ப்பரப்பு நெடுந்தூரம் நம்மோடு கூடவே வரும். கெகெல்கமு ஓயாவை மறித்து 1965ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட காசல்ரீ நீர்த்தேக்கம் அது. நோர்வூட்டில் பிரிந்து மஸ்கெலியாப் பக்கம் சென்றால், 1969இல் நிறைவுற்ற மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தைக் காணலாம். பழைய மஸ்கெலியா நகரமே அந்த நீருக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டுவதுண்டு. மின்சாரத்திற்காக அமைக்கப்பட்ட இந்நீர்நிலைகளில் இன்று திலாப்பியாவும் கெண்டை இன மீன்களும் வாழ்கின்றன.

ஆனால், இந்நீர்நிலைகளைப் பார்த்தபடி நிற்கும் லயங்களின் அடுப்பங்கரையில் நாம் காண்பது வேறு. பருப்பு, கிழங்கு, ஏதாவதொரு மரக்கறி, அதற்குத் துணையாக ஒரு துண்டு கருவாடு. சம்பளம் கிடைத்த வாரமானால் ஒரு டின் மீன். கண்ணெதிரே மீன் இருக்க, சட்டியில் கருவாடு வேகிறது.

இது ஏன் என்று கேட்டால் "விலை" என்ற பதிலே முதலில் வரும். அது உண்மைதான், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மீனும் முட்டையும் பாலும் தொழிலாளர் வீடுகளின் எட்டாத உயரத்திற்குப் போனதை நாம் கண்டோம். ஆயினும் விலை மட்டுமே காரணமன்று. புதிய மீனைப் பார்த்து வாங்கவும், ஆய்ந்து எடுக்கவும், எளிமையாகச் சமைக்கவும் பழகாத கை ஒன்று; வந்த மீனை வீட்டில் எப்படிப் பங்கிடுகிறோம் என்பது மற்றொன்று. விலையைக் குறைப்பது எமது கையில் இல்லை. மற்ற இரண்டும் எமது கையிலேயே இருக்கின்றன.

கருவாடு வந்த வழி

தென்னிந்தியாவிலிருந்து எமது முன்னோர் முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துவரப்பட்டபோது, கடல் அவர்களுக்குப் பின்னால் நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் போய்விட்டது. ஐஸ் இல்லாத காலம். மலையேறி வந்து சேரக்கூடிய மீன் உப்பிட்டு உலர்த்திய மீன் மட்டுமே. இந்தியாவிலிருந்தும் மாலைதீவிலிருந்தும் கருவாடும் மாசியும் இலங்கைக்குப் பெருந்தொகையாக இறக்குமதியாயின. தோட்டத்துக் கடைகளில் அரிசியோடும் பருப்போடும் கருவாடும் கடனுக்குக் கிடைத்தது. ஐந்தாறு தலைமுறையாக அதுவே பழக்கமாயிற்று. "மீன்" என்றால் கருவாடு என்று நாக்கு பழகிக்கொண்டது.

கருவாட்டைக் குறை சொல்வது எமது நோக்கமன்று. நீர் வற்றியதால் அதில் புரதம் செறிவாக உள்ளது. முள்ளோடு உண்ணும் நெத்தலியில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆனால் கருவாட்டுத் துண்டு சிறியது. ஒரு சட்டிக் குழம்புக்கு மணம் ஊட்டவே அது பயன்படுகிறது. வயிற்றுக்குப் போகும் அளவு மிகச் சொற்பம். அதோடு உப்பும் சேர்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடும், உப்புப் போட்ட ரொட்டியும், சம்பலும் சேர்ந்தால் அந்த எல்லை எளிதில் கடந்துவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டைச் சமைக்குமுன் வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டுச் சமைப்பது நல்லது.

மீன் மலைக்கு வந்த வழி

மலைநாட்டு நீரில் மீன் வளர்த்த கதையும் ஒரு பாடந்தான். 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனின் முட்டைகளைக் கப்பலில் வரவழைத்து, நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பகுதிகளின் ஓடைகளில் வளர்த்தார்கள். தொழிலாளியின் பசி தீர்க்க அன்று. தங்கள் தூண்டில் பொழுதுபோக்கிற்காக.

சாதாரண மக்களின் உணவுக்கென வந்த மீன் திலாப்பியா. 1952இல் அது இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுக் குளங்களில் விடப்பட்டது. வறண்ட வலயத்தின் குளங்களில் பெருகி, உள்நாட்டு மீன்பிடி என்ற தொழிலையே அது நிலைநிறுத்தியது எனலாம். நைல் திலாப்பியா என்னும் பெரிய இனம் 1975இல் வந்தது. 1990இல் அன்றைய அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்கு வழங்கிவந்த ஆதரவை நிறுத்தியது. குளங்களில் உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற சமய அடிப்படையிலான எதிர்ப்பே அதற்குப் பின்னணி. 1994இல் ஆதரவு மீண்டும் கிடைத்தது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை உருவாயிற்று. நீர்த்தேக்கங்களில் மீன்குஞ்சுகளை விடுவதும், மீனவர் சங்கங்களை ஒழுங்கமைப்பதும் அதன் பணிகளில் அடங்கும்.

ஆகவே, நீர்த்தேக்கத்து மீன் யாரும் கவனிக்காத காட்டுப் பொருள் அல்ல. பொதுப் பணத்தில் குஞ்சு விடப்பட்டு வளரும் பொதுச் சொத்து. அதைப் பிடிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். 8.5 சென்ரி மீற்றருக்குக் குறைந்த கண்ணுடைய வலையைப் பாவிப்பது குற்றம். வலையின் கண் சிறுத்தால் நாளைய மீன் இன்றே பிடிபட்டுவிடும். அடுத்த வருடம் கரையோரத்து வீட்டுச் சட்டிதான் காலியாகும்.

சட்டிக்கு மீன் வந்தால் என்ன?

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தார்கள். பெருந்தோட்டப் பகுதிகளில் அது ஏறத்தாழ 32 வீதம். அதாவது மூன்று பிள்ளைகளில் ஒன்று. "நம்ம பிள்ளைகள் பிறப்பிலேயே குட்டை" என்று நாமே சொல்லிச் சமாதானம் அடைந்துவிடுகிறோம். குட்டையாவது பிறப்பினால் மட்டுமன்று. தாயின் கருவறை முதல் இரண்டு வயது வரையுள்ள காலத்தில் போஷாக்குக் குறைவதும், அடிக்கடி வரும் வயிற்றோட்டம், சளிக் காய்ச்சல் முதலிய நோய்களும் அதன் பெரிய காரணங்கள்.

100 கிராம் மீன் சதையில் 18 முதல் 20 கிராம் வரை நல்ல புரதம் உண்டு. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் ஒரு நாள் தேவையில் இது பாதிக்குச் சற்றுக் குறைவு. மூன்று வயதுப் பிள்ளைக்கோ ஏறத்தாழ ஒரு நாள் தேவை முழுவதுமே அடங்கிவிடும். மரக்கறிகளில் கிடைக்காத பி12 என்னும் உயிர்ச்சத்தும் மீனில் உண்டு. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பமிலங்கள் சாலை போன்ற சிறு கடல் மீன்களில் அதிகம், திலாப்பியாவில் குறைவு. ஆகவே ஹட்டன் சந்தையில் நல்ல சாலை மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் அதையும் விட்டுவிட வேண்டாம்.

கொழுந்து பறிக்கும் பெண்களிடையே குருதிச்சோகை பரவலாக இருப்பதை வைத்தியர்களும் குடும்ப சுகாதார உத்தியோகத்தர்களும் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இங்கே மீன் செய்யும் உதவி பலருக்குத் தெரியாது. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடலில் சேர்வதில்லை. அதே சாப்பாட்டில் மீன் இருந்தால் அது கூடுதலாகச் சேரும். தேசிக்காய்ப் புளியும் அவ்வாறே உதவும். இதற்கு நேரெதிராக வேலை செய்வது தேநீர். சோற்றோடோ, சாப்பிட்ட கையோடோ குடிக்கும் பிளேன்டீ, மரக்கறி உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைப் பாதிக்கும் மேலாகக் குறைத்துவிடக்கூடும். உலகத்திற்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுக்கும் பெண்ணின் இரத்தத்தையே அந்தத் தேயிலை மெலிவிக்கிறது என்பது கசப்பான உண்மை. தேநீரை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் போதும்.

நல்ல மீனை அறிதல்

மலைநாட்டுக்கு வரும் மீன் இரு வகை. ஒன்று, கரையோரத்திலிருந்து லொறியில் ஐஸ் போட்டு வரும் கடல் மீன். மற்றது, அருகிலுள்ள நீர்த்தேக்கத்தில் பிடிபட்டு, சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பெட்டி கட்டிக் கொண்டுவரப்படும் நன்னீர் மீன். எதுவாயினும் நான்கு சோதனைகளைச் செய்யுங்கள்.

கண்: தெளிந்து, சற்றுப் புடைத்திருக்க வேண்டும். பால் படர்ந்து உள்வாங்கியிருந்தால் பழையது. 

செவுள்: தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. மண்ணிறமாகி வழுவழுத்தால் வேண்டாம். 

சதை: விரலால் அழுத்தினால் குழி விழாமல் எழும்ப வேண்டும். 

மணம்: ஆற்று நீரின் மணமோ கடல் மணமோ இருக்கலாம், புளித்த நாற்றம் இருக்கலாகாது.

கழுவித் துடைத்து வெட்டி வைத்த துண்டில் இவற்றுள் பாதியைச் சோதிக்க முடியாது. ஆகவே இயன்றவரை முழு மீனாக வாங்குங்கள்.

சூரை, பலயா, கும்பளா, சாலை போன்ற கடல் மீன்களில் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. ஐஸ் இல்லாமல் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகும். உண்ட ஒரு மணித்தியாலத்திற்குள் முகம் சிவத்தல், உடல் அரிப்பு, தலைவலி, படபடப்பு, வயிற்றோட்டம் முதலியன தோன்றும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு அழியாது. "நல்லா வேகவைச்சா சரியாப் போகும்" என்பது இங்கே செல்லாது.

எமது குளிரை நம்பியும் ஏமாறக் கூடாது. நுவரெலியாக் குளிர் எமக்குத்தான் குளிர்; மீனைக் கெடுக்கும் கிருமிக்கு அது இதமான காலநிலை. மீனுக்கு வேண்டியது ஐஸின் குளிர். பிடித்த மீனுக்குச் சம எடை ஐஸ் போட்டு வைப்பதே சரியான முறை. ஐஸ் இல்லையேல் காலையில் வாங்கிய மீனை அன்று பகலிலேயே சமைத்துவிட வேண்டும். மாலையில் வேலைவிட்டு வந்து சமைப்பவர்கள் மாலையில் வாங்குவதே நல்லது.

ஆய்தலும் சேற்று மணமும்

"குளத்து மீன் சேறு நாறும்" என்று ஒதுக்குபவர்கள் பலர். இது வீண் பேச்சன்று. நீரில் வாழும் சில நுண்ணுயிர்கள் மண் மணமுள்ள ஒரு பொருளை உண்டாக்குகின்றன. அது மீனின் கொழுப்பில் தங்குகிறது. மழை பெய்த புது மண்ணின் மணமும் இதே பொருளினாலேயே வருகிறது. உடலுக்குத் தீங்கில்லை, நாக்குக்குத்தான் பிடிக்காது. புளிப்பு இதனை முறிக்கும். நம் முன்னோர் மீன் குழம்பில் புளி சேர்த்தது வெறும் ருசிக்காக மட்டுமல்ல போலும்.

திலாப்பியாவின் முதுகுச் செட்டையிலுள்ள முட்கள் கூர்மையானவை. முதலில் அவற்றை வெட்டிவிடுங்கள். வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டிச் செதிலை நீக்குங்கள். வயிற்றைக் கீறிக் குடலை எடுக்கும்போது பித்தப்பை உடையாமல் பாருங்கள். உடைந்தால் சதை கசக்கும். வயிற்றின் உட்புறம் கறுப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். பெரும்பாலானோர் இதை விட்டுவிடுகிறார்கள். அதையும் சுரண்டி எடுத்துவிட்டால் வீச்சம் குறையும். தலையைச் சமைப்பதானால் செவுளை நீக்குங்கள். கழுவிய துண்டுகளில் உப்பு, மஞ்சள், ஒரு தேசிக்காயின் புளி ஆகியவற்றைத் தடவி, பதினைந்து நிமிடம் வைத்து மீண்டும் கழுவினால் சேற்று மணம் பெரும்பாலும் போய்விடும். தேசிக்காய் இல்லையேல் புளிக்கரைசல் போதும்.

கெண்டை இன மீன்களின் பித்தப்பையை மருந்தென்று நம்பிப் பச்சையாக விழுங்கும் வழக்கம் ஆசிய நாடுகள் சிலவற்றில் உண்டு. இது உயிருக்கே ஆபத்தானது. சிறுநீரகம் செயலிழந்து வைத்தியசாலையில் சேர்ந்தவர்கள் பலர். யார் சொன்னாலும் செய்ய வேண்டாம்.

குடலையும் செதிலையும் பீலிக்கரையிலோ ஓடையிலோ எறியாமல் மண்ணில் புதைத்துவிடுங்கள். வீட்டுத் தோட்டத்துக் கோவாவுக்கும் லீக்ஸுக்கும் அது நல்ல பசளை.

பத்து நிமிட நெருப்பு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தில் நீர் 100 பாகையில் அல்ல, ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பருப்பும் கடலையும் மலையில் வேகச் சுணங்குவது இதனால்தான். ஆனால் மீன் வேக 65 பாகை வெப்பமே போதும். ஆகவே மலையேறியதால் மீனுக்கு நட்டமில்லை. கடலை வேகும் நேரத்தில் நாலு சட்டி மீன் சமைத்துவிடலாம். கவ்வாத்து மிலாறு பொறுக்கிக் கட்டாகச் சுமந்து வரும் பெண்ணுக்கும், புகை சூழ்ந்த காம்பராவில் இருமும் குழந்தைக்கும் இது சிறிய இலாபமன்று.

மீன் சமையலில் நாம் செய்யும் பெரிய தவறு நெடுநேரம் வேகவைப்பது. முதலில் குழம்பை நன்கு கொதிக்கவிட்டு, மீனைக் கடைசியில் போட வேண்டும். துண்டின் நடுவில் சதை வெள்ளையாகி முள்ளை விட்டு எளிதாகக் கழன்றால் வெந்துவிட்டது என்று பொருள். மூன்று எளிய முறைகளைக் கீழே தருகிறோம். ஒவ்வொன்றும் அரைக் கிலோ மீனுக்கான அளவு.

முதலாவது, புளிக் குழம்பு. தேசிக்காய் அளவு புளியை இரண்டு கோப்பை நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். சட்டியில் ஒரு மேசைக் கரண்டி எண்ணெய் விட்டு, கால் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, பத்துச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, இரண்டு தக்காளி ஆகியவற்றை வதக்குங்கள். ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு மேசைக் கரண்டி மல்லித்தூள், சிறிது மஞ்சள், உப்புச் சேர்த்துப் புளிக்கரைசலை ஊற்றிப் பச்சை வாடை போகும்வரை கொதிக்கவிடுங்கள். பின்னர் மீனைப் போட்டு மூடி, மெல்லிய நெருப்பில் எட்டு நிமிடம். கரண்டியால் கிண்டாமல் சட்டியைப் பிடித்துச் சற்று ஆட்டிவிட்டால் துண்டு உடையாது.

இரண்டாவது, பிள்ளைகளுக்கான சொதி. மிளகாய்த்தூள் வேண்டாம். தேங்காயின் இரண்டாம் பால் இரண்டு கோப்பையில் வெங்காயம், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள், உப்புச் சேர்த்துக் கொதிக்கவிட்டு மீனைப் போடுங்கள். எட்டு நிமிடத்தில் வெந்துவிடும். முதற்பால் அரைக் கோப்பை ஊற்றி, பொங்கி வருமுன் இறக்கித் தேசிக்காய்ப் புளி விடுங்கள். நெருப்பிலிருக்கும்போதே புளி விட்டால் பால் திரைந்துவிடும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு, உப்புச் சேர்க்குமுன் ஒரு துண்டை வேறாக எடுத்து வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி நீக்கி, சோற்றோடு மசித்து ஊட்டலாம். இதற்குத் திலாப்பியாவே உகந்தது. அதன் முள் பெரிது, எடுப்பது எளிது. கெண்டை இனங்களின் சதைக்குள் கவட்டை போன்ற நுண்முட்கள் பரவியிருப்பதால், சிறு பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது, மலைக்குக் கொண்டுபோகும் மீன் புட்டு. மீனில் உப்பும் மஞ்சளும் தடவி, சிறிது நீரில் மூடி வேகவைத்து, ஆறியபின் தோலையும் முள்ளையும் நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு சிறிதாக அரிந்த லீக்ஸ் ஒரு கைப்பிடியும் துருவிய கரட்டும் வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டு ஈரம் வற்றும்வரை கிளறுங்கள். மிளகுத்தூள் தூவி இறக்குங்கள். காலையில் சமைத்து ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டினால், பகலில் மலையில் உட்கார்ந்து சாப்பிடக் கறிச் சட்டி தேவையில்லை. இதைக் காலையில் சமைத்து அன்று பகலுக்குள் உண்டுவிட வேண்டும். முதல் நாள் இரவில் செய்து வைக்கலாகாது.

மறுநாளைக்கும் வைத்திருக்க விரும்பினால் சிங்கள மக்களின் அம்புல் தியல் முறை உண்டு. கொறுக்காயை அரைத்து, மிளகு, உப்போடு மீன் துண்டுகளில் பூசி, நீர் முழுவதும் வற்றும்வரை மெல்லிய நெருப்பில் வேகவிடுவார்கள். புளிப்பும் வரட்சியும் சேர்ந்து கிருமிகளைத் தடுப்பதால், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் அது ஓரிரு நாள் தாங்கும். ஆனால் கெட்ட மீனைக் கொறுக்காய் நல்ல மீனாக்காது. இம்முறைக்கும் புதிய மீனே வேண்டும்.

தட்டில் யாருக்கு?

இதுவரை சொன்னவற்றைவிடக் கடினமான பகுதி இனித்தான் வருகிறது.

ஒரு கிலோ முழுத் திலாப்பியாவில் தலை, முள், குடல் போகச் சதை மட்டும் 350 முதல் 400 கிராம் வரை தேறும். நாலு பேருள்ள வீட்டில் ஆளுக்கு ஏறத்தாழ 90 கிராம் வருகிறது. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் சட்டியிலிருந்து தட்டுக்கு வரும்போது இந்தக் கணக்கு மாறிவிடும். நடுத்துண்டு இரண்டும் வீட்டுக்காரருக்கு. வால் துண்டும் இன்னொன்றும் மகனுக்கு. சிறு பிள்ளைக்கு "முள் குத்தும்" என்று குழம்பு மட்டும். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காரும் தாய்க்குச் சட்டியைத் துடைத்த சோறு. கேட்டால், "எனக்கு மீன் அவ்வளவாப் பிடிக்காது" என்பாள். எத்தனையோ தாய்மாரின் வாயில் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறோம். அவளுக்குப் பிடிக்காமலில்லை, தனக்கில்லை என்று பழகிவிட்டாள்.

காலைப் பெரட்டுக்குப் போய், கொழுந்துக் கூடையோடு மலையேறி, வீடு திரும்பி அடுப்பு மூட்டுபவள் அவள். மாதவிடாயிலும் மகப்பேற்றிலும் இரத்தம் இழப்பவள் அவள். கருவுற்றிருந்தால் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் அவளே உண்ண வேண்டும். பாலூட்டினால் அந்தப் பாலுக்கும் அவளே உண்ண வேண்டும். வீட்டிலே மீன் மிகவும் தேவைப்படுவோரை வரிசைப்படுத்தினால் கருவுற்ற தாயும், பாலூட்டும் தாயும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையும் முதலில் நிற்பார்கள். எமது வழக்கத்தில் அவர்களே கடைசியில் நிற்கிறார்கள். இங்கே குறைந்திருப்பது மீன் அன்று, பங்கீடு.

இதில் ஆண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. அவர்களும் உழைத்துக் களைத்து வருபவர்களே. பரிமாறுவதை உண்ணப் பழகியவர்கள். ஆனால், "உனக்கு எடுத்து வைச்சியா?" என்று கணவன் ஒரு நாள் கேட்டால் அந்த வீட்டில் வழக்கம் மாறத் தொடங்கும். அதைவிட எளிய வழியொன்றும் உண்டு. மீன் சமைத்ததும், யாருக்கும் போடுமுன், தாயினதும் சின்னப் பிள்ளையினதும் பங்கை வேறொரு கோப்பையில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். மிஞ்சினால் உண்பேன் என்றிருப்பவருக்கு ஒருபோதும் மிஞ்சாது.

நாம் செய்யக்கூடியவை

மாதர் சங்கங்களும் இளைஞர் குழுக்களும் இதைப் பேச்சோடு விடாமல் சில சிறு முயற்சிகளில் இறங்கலாம்.

முதலாவது, ஒரு லயத்தில் ஐந்தாறு வீடுகள் சேர்ந்து மீன் வாங்கலாம். நீர்த்தேக்கத்து மீனவர் சங்கத்தோடோ, வழக்கமாக வரும் வியாபாரியோடோ பேசி, வாரத்தில் ஒரு குறித்த நாளில், குறித்த நேரத்தில், இத்தனை கிலோ என்று ஏற்பாடு செய்தால் மீன் ஐஸில் கிடந்து காத்திருக்கத் தேவையில்லை. செவ்வாயும் வெள்ளியும் பல வீடுகளில் மரக்கறி நாட்கள் என்பதால் வேறொரு நாளைத் தெரிவு செய்யலாம். சம்பளத்துக்கு முந்திய வாரத்திற்குச் சிறிது சிறிதாகச் சேமித்து வைப்பதும் நல்லது. அந்த வாரத்தில்தான் பிள்ளையின் தட்டு வெறுமையாகிறது.

இரண்டாவது, பிள்ளைக் காம்பராவில் மாதம் ஒரு முறை தாய்மார் கூடி ஒரு சட்டிச் சொதி சமைத்துக் காட்டலாம். முள் எடுப்பதை ஒருவர் செய்துகாட்ட மற்றவர் பார்த்துப் பழகினால் அச்சம் போய்விடும். குடும்ப சுகாதார உத்தியோகத்தரை அழைத்தால், பிள்ளைகளின் நிறையையும் உயரத்தையும் அளந்து பார்க்க அது வாய்ப்பாகும்.

மூன்றாவது, நீர்த்தேக்கத்தைக் காப்பது. நகரத்துக் குப்பையும், லயத்துக் கழிவுநீரும், மலையிலிருந்து மழையில் அடித்துவரும் கிருமிநாசினியும் போய்ச் சேருமிடம் அதுவே. மீன் அந்த நீரில் வளர்ந்து எமது சட்டிக்குத் திரும்புகிறது. நாம் கொட்டுவதையே நாம் உண்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

சம்பளம் உயர வேண்டும், காணியும் தனி வீடும் வேண்டும் என்ற போராட்டங்களுக்கு ஒரு சட்டி மீன் ஈடாகாது. அவை தொடர வேண்டும். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையின் வளர்ச்சி போராட்டத்தின் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. இந்த வாரம் ஒரு கிலோ மீன் வாங்கும் வீட்டார், அடுப்பிலிருந்து சட்டியை இறக்கியவுடன் முதலில் இரண்டு துண்டுகளை எடுத்து வைக்கட்டும். ஒன்று பிள்ளைக்கு, மற்றது அதைச் சமைத்தவளுக்கு.